பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இல்லாமல் ஃபோர் ஹையில் போட்டு தற்காலிகமாக ஓட்டலாமா?

பழையடீசல்:

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது பழைய டீசல் பிக்கப், பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் (வழக்கமாகப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், தேவைப்பட்டால் லீவர் போட்டு முன் சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்), ஐந்து கியர் மேனுவல், முன்பக்கம் கையால் திருகி லாக் செய்கிற ஹப் (லாக் செய்தால்தான் முன் சக்கரம் ஆக்ஸிலோடு சேரும்). கொஞ்ச காலமாகவே மெதுவாகப் போகும்போது அடியில் ஒரு கீச்கீச் சத்தம், முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றி கிளட்சை விட்டால் 'டங்' என்று ஒரு அடி. படுத்துப் பார்த்ததில் பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் (பின் அச்சுக்குப் பவர் கொண்டுபோகிற தண்டு) கிராஸ் ஒன்று (மடங்கும் இணைப்பு) கையால் ஆட்டினாலே ஆடுகிறது. சரி, கிராஸ் மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலைதானே என்று ஷாஃப்ட்டைக் கழற்றினேன். கிராஸ் கப் உட்காரும் துளையே தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கிறது, அதாவது புதுக் கிராஸ் போட்டாலும் கப் இறுக்கமாக நிற்காது. யோக்கை (கிராஸைப் பிடிக்கிற கவை) மாற்றி வெல்டிங் செய்து, பேலன்ஸும் பார்த்துத்தான் தர வேண்டும் என்று லேத்தில் சொல்லிவிட்டார்கள், அதற்குச் சில நாள் ஆகும்.

இப்போது வண்டி ஜாக் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது, வீட்டில் வேறு வண்டி கிடையாது. ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கிற, சாதாரண வேக நிலை) போட்டால் முன் ஷாஃப்ட்டுக்கும் பவர் போகும் இல்லையா, அப்படியானால் பின் ஷாஃப்ட் இல்லாமலே முன் சக்கரங்களின் இழுவையில் மட்டும் பக்கத்து வேலைகளுக்கு ஓட்டிக்கொள்ளலாமா? ஓட்டினால் டிரான்ஸ்பர் கேஸ் (பவரை முன்னும் பின்னும் அனுப்புகிற பெட்டி) ஏதாவது கெடுமா? ஆயில் கொட்டுமா? எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் வரை பயமில்லாமல் போகலாம்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். 'செய்யாதே' என்றுதான் சொல்வீர்கள் என்றாலும் சரி, காரணத்தோடு சொல்லுங்கள்.

ஸ்பேனர்செட்:

ஓட்டலாம். பார்ட் டைம் டிரான்ஸ்பர் கேஸ் என்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். அதில் ஃபோர் ஹை போட்டவுடன் முன் அவுட்புட்டும் பின் அவுட்புட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும், நடுவில் டிஃப்ரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் அமைப்பு) எதுவும் கிடையாது. பின் அவுட்புட்டில் எதுவுமே மாட்டாமல் அது சும்மா சுற்றினாலும் பவர் அந்தப் பக்கம் ஓடிப் போய்விடாது, முழுசாக முன் ஷாஃப்ட்டுக்கு வந்து சேரும். டூ வீலில் வைத்து கிளட்சை விட்டால் பின் அவுட்புட் மட்டும் காற்றில் சுற்றும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும், அவ்வளவுதான்.

ஆனால் சாவியைத் திருப்புவதற்கு முன்னால், உங்கள் ஷாஃப்ட் டிரான்ஸ்பர் கேஸில் எப்படி மாட்டியிருந்தது என்று பாருங்கள். நான்கு போல்ட் போட்ட ஃபிளேஞ்ச் (வட்டத் தகடு) என்றால் பிரச்சினை இல்லை, ஆயில் சீல் ஃபிளேஞ்சின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும், ஷாஃப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சீலுக்கு ஒன்றுதான். ஸ்லிப் யோக் என்றால் கதையே வேறு. அதில் ஷாஃப்ட்டின் முனைக்குழாயே டிரான்ஸ்பர் கேஸுக்குள் நுழைந்து, ஸ்ப்ளைனில் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும், சீல் அந்தக் குழாயின் மேல்தான் உட்காரும். ஷாஃப்ட்டை உருவிவிட்டால் அந்த இடம் திறந்த வாய். பழைய ஜீப்களில் வரும் என்.பி. 231 டிரான்ஸ்பர் கேஸ் அப்படித்தான், உள்ளே இருப்பதே சுமார் 1 லிட்டர் ஆயில், ஓட்டினால் அதுவும் வெளியே போய்விடும், தூசியும் மண்ணும் உள்ளே போகும். பிளாஸ்டிக் பையைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறேன் என்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம், உள்ளே அவுட்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது, சூடான ஆயில் வேறு. கிராஸிலிருந்து பிரித்த பழைய யோக்கை மட்டும் உள்ளே சொருகிவிட்டு ஓட்டுவதும் ஆபத்துதான், அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் கழன்று ரோட்டில் விழும். ஸ்லிப் யோக் வண்டிக்கு அந்த அளவில் முறையான மூடி கிடைத்தால் மாட்டிவிட்டு ஓட்டலாம், இல்லையென்றால் வண்டியை நிறுத்தியே வையுங்கள்.

ஷாஃப்ட்டை முழுசாகக் கழற்றி எடுத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முனையை மட்டும் கழற்றி இன்னொரு முனையைச் சேஸிஸில் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிடுவது கூடவே கூடாது. டிஃப்ரன்ஷியல் பக்கம் மாட்டியிருந்தால் சக்கரம் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றும், கம்பி அறுந்தால் பிரேக் பைப், டீசல் டேங்க் எல்லாம் அதன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

வேகத்தைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம், 60 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக முன், பின் இரண்டும் பங்கு போட்டுக்கொள்கிற பாரம் இப்போது முன்பக்கத்தின் மேல் மட்டும். செயின் வைத்த டிரான்ஸ்பர் கேஸாக இருந்தால் அந்தச் செயின் வழியாகத்தான் மொத்த டார்க்கும் (திருப்பு விசை) போகும், நீண்டுபோன பழைய செயின் என்றால் பாரம் ஏறும்போது பல் தாண்டி 'டக் டக்' என்று அடிக்கும். அதனால் கிளட்சை வெடுக்கென்று விடாதீர்கள், மூட்டை ஏற்றாதீர்கள், டிரெய்லர் இழுக்காதீர்கள். ஃபோர் லோ பக்கம் போகவே வேண்டாம், அந்த லோ ரேஞ்ச் பெருக்கித் தருகிற டார்க் அத்தனையும் ஒற்றை அச்சில் இறங்கினால் எது பலவீனமோ அது உடையும்.

கரடுமுரடு:

ஒரு நிமிடம். தார் ரோட்டில் ஃபோர் ஹை போட்டு ஓட்டக்கூடாது என்றுதானே மேனுவலிலேயே போட்டிருக்கிறது? திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும், நடுவில் டிஃப்ரன்ஷியல் இல்லாததால் முறுக்கிக்கொண்டு டிரான்ஸ்பர் கேஸ் போய்விடும் என்று நானும் படித்திருக்கிறேன். இவர் தினமும் தார் ரோட்டில் ஃபோர் ஹையிலேயே ஓட்டினால் அது நடக்காதா?

ஸ்பேனர்செட்:

முறுக்கு வர இரண்டு முனையும் தரையைப் பிடித்திருக்க வேண்டும் நண்பரே. முன் சக்கரமும் பின் சக்கரமும் இரண்டு ஷாஃப்ட் வழியாக ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும்போது, திருப்பத்தில் நீண்ட பாதையில் ஓடுகிற முன் சக்கரத்துக்கும் குறுக்கே வெட்டிப் போகிற பின் சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம் எங்கும் தப்பிக்க வழியில்லாமல் ஷாஃப்ட்டிலும் கியரிலும் தேங்குகிறது. இவர் பின் ஷாஃப்ட்டையே கழற்றிவிட்டார். பின் சக்கரங்கள் தம் பாட்டுக்கு உருளும், டிரான்ஸ்பர் கேஸுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. காய்ந்த தாரோ சிமெண்ட்டோ முறுக்கு வராது. மேனுவலில் சொன்னது இரண்டு ஷாஃப்ட்டும் மாட்டியிருக்கிற வண்டிக்கு.

ஹப்லாக்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லாரும் ஓடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், நிறுத்துவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரி வேலையில் ஆள் அடிபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

வண்டியை நிறுத்தி கியரில் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறது அல்லவா, பின் ஷாஃப்ட் இல்லாத வண்டியில் டிரான்ஸ்பர் லீவர் டூ வீலில் இருந்தால் அந்தக் கியருக்கு அர்த்தமே இல்லை. கியர்பாக்ஸ் பிடித்திருப்பது காற்றில் நிற்கும் அவுட்புட்டை, சக்கரத்தை அல்ல. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் இதேதான், 'பி'யில் போட்டால் உள்ளே ஒரு கொக்கி கியர்பாக்ஸின் அவுட்புட்டைத்தான் பூட்டுகிறது, அங்கிருந்து சக்கரம் வரை தொடர்பு இருந்தால்தான் வண்டி நிற்கும். அதனால் ஷாஃப்ட் வெளியே இருக்கிற நாள் முழுக்க டிரான்ஸ்பர் லீவர் ஃபோர் ஹையிலேயே இருக்கட்டும், ஹப் லாக்கிலேயே இருக்கட்டும். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக், அதன் மேல் சக்கரத்துக்குக் கட்டை. வீட்டில் வேறு யாராவது வண்டியை நகர்த்துவார்கள் என்றால் அந்த லீவரில் ஒரு துணியையாவது கட்டிச் சொல்லி வையுங்கள்.

ஹேண்ட் பிரேக்கும் உங்கள் வண்டியில் எங்கே பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பிக்கப்களில் கேபிள் நேராகப் பின் டிரம்முக்குப் போகும், அப்படியானால் ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் பிடிக்கும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் அப்படி இல்லை, ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்பர் கேஸின் பின் அவுட்புட்டிலேயே இருக்கிறது. அங்கே டிரம் பிடிப்பது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை, ஷாஃப்ட் பின் சக்கரத்தைப் பிடிக்கும். பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பின் சக்கரத்துக்குத் தெரியாது. சென்டர் லாக் போட்டிருந்தால் மட்டும் முன் ஷாஃப்ட் வழியாகப் பிடிக்கும். இது தெரியாமல் சரிவில் நிறுத்தி அடியில் படுப்பவர்களை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஷாஃப்ட்டைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் இதே விஷயம்தான். கியரில் நிற்கிற வண்டியில் கடைசி போல்ட் வெளியே வருகிற நொடியில், வண்டியைப் பிடித்திருந்த பிடி போய்விடும், கீழே தலை இருக்கும். சமதரை, நான்கு சக்கரத்துக்கும் கட்டை, அப்புறம்தான் ஸ்பேனர்.

சென்டர்டிஃப்:

பின்னால் இதே கேள்வியோடு தேடி வருபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் 'ஃபோர் வீல் டிரைவ்' என்ற பெயரில் மூன்று நான்கு விதமான அமைப்பு இருக்கிறது, கேள்வி கேட்டவருக்குக் கிடைத்த பதிலைப் பார்த்து எல்லாரும் செய்தால் சிலருக்குப் பெரிய செலவாகிவிடும்.

ஃபுல் டைம் ஃபோர் வீல் வண்டிகளில், அதாவது டிஃபெண்டர், டிஸ்கவரி, லாடா நிவா போன்றவற்றில், நடுவில் ஒரு டிஃப்ரன்ஷியல் இருக்கிறது. டிஃப்ரன்ஷியலின் குணம், எந்தப் பக்கம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவது. ஒரு ஷாஃப்ட்டைக் கழற்றினால் அந்தப் பக்கம் தடையே இல்லை, இன்ஜின் சீறும், வண்டி நகராது. சென்டர் டிஃப் லாக்கைப் போட்டால் இரண்டு அவுட்புட்டும் பூட்டிக்கொண்டு, மேலே ஸ்பேனர்செட் சொன்ன பார்ட் டைம் நிலைமை வந்துவிடும், அப்போது ஓட்டலாம். பழைய டிஃபெண்டரில் வரும் எல்.டி. 230 டிரான்ஸ்பர் கேஸ் முழுக்கக் கியர்தான், செயின் கிடையாது, அதனால் அந்தக் கவலையும் இல்லை. ஆனால் டிஸ்கவரி 2-இல் சில ஆண்டு மாடல்களுக்கு லாக் போடும் லீவர் இணைப்பே கொடுக்கவில்லை, சிலவற்றில் லாக் பொறியே உள்ளே இல்லை. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் கீழே படுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லாக்குக்குப் பதிலாக விஸ்கஸ் கப்ளிங் மட்டும் இருக்கிற வண்டிகளில் செய்யவே கூடாது. அதற்குள் இருக்கிற சிலிக்கோன் திரவம் இரண்டு பக்கத்துக்கும் வேக வித்தியாசம் வந்தால் சூடாகிக் கெட்டியாவதுதான் அதன் வேலை, எப்போதாவது சில விநாடி வழுக்கலுக்கு அது போதும். ஒரு பக்கம் ஷாஃப்ட்டே இல்லாமல் வைத்து ஓட்டினால் வித்தியாசம் நிற்காமல் இருந்துகொண்டே இருக்கும், சூடு ஏறி ஏறி அந்தக் கப்ளிங் செத்துவிடும். மேனுவல் கியர் சுபாருக்களில் பலவற்றில் சென்டர் டிஃப்ரன்ஷியலோடு விஸ்கஸ்தான் இருக்கிறது, அதனால் அவற்றுக்கும் இதே பதில்.

முன் சக்கரத்தை நேராக ஓட்டி, தேவைப்படும்போது மட்டும் எலக்ட்ரானிக் கிளட்ச் வழியாகப் பின்னால் பவர் அனுப்புகிற இப்போதைய எஸ்.யூ.வி.க்களில் பின் ஷாஃப்ட்டை எடுத்தாலும் முன் இழுவை அப்படியே இருக்கும், மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியலாம். அங்கேயும் ஷாஃப்ட்டின் முனையே சீலை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். முன் பக்கம் கெட்டுப் பின்னால் மட்டும் ஓட்டலாமா என்றால், இவ்வகை வண்டியில் முடியாது.

பார்ட் டைம் வண்டியில் முன் ஷாஃப்ட் கெட்டுப்போனால் இவ்வளவு பேச்சே வேண்டாம், கழற்றி வைத்துவிட்டு டூ வீலில் வழக்கம்போல ஓட்டுங்கள்.

ஆயில்சீல்:

என் கேள்வியையும் இங்கேயே நுழைத்துவிடுகிறேன், மன்னிக்கவும். எனக்குக் கிராஸ் நன்றாக இருக்கிறது, பின் டிஃப்ரன்ஷியல் ஹவுசிங்கிலிருந்துதான் ஊளைச் சத்தம், ஆயில் மாற்றியபோது இரும்புத் துகள் வந்தது. நானும் பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் டிஃப்ரன்ஷியலுக்கு ஓய்வு கிடைக்கும்தானே?

ஹப்லாக்:

கிடைக்காது. ஷாஃப்ட்டைக் கழற்றினால் டிஃப்ரன்ஷியலுக்கு வருகிற பாரம் போகும், சுற்றல் போகாது. சக்கரம் ஆக்ஸில் ஷாஃப்ட்டைச் சுற்றும், அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும், கிரவுன் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றும். பேரிங் உடைந்தோ பல் உதிர்ந்தோ இருந்தால், ஒரு துண்டு கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில் மாட்டி ஓடுகிற வண்டியில் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளலாம். இரும்புத் துகள் என்று நீங்கள் சொல்வது காந்தப் பிளக்கில் ஒட்டுகிற கருப்புப் பசை மாதிரி என்றால் அது வழக்கமான தேய்மானம்தான். விரலில் குத்துகிற மாதிரி சில்லு என்றால் ஓட்டாதீர்கள்.

பின் அச்சு ஃபுல் ஃப்ளோட்டிங் வகையாக இருந்தால் ஒரு வழி உண்டு. அதில் சக்கரத்தின் பாரத்தை ஹப் பேரிங் தாங்குகிறது, ஆக்ஸில் ஷாஃப்ட் திருப்புவதற்கு மட்டும்தான். ஹப்பின் முகத்தில் ஒரு வட்டத் தகடும் சுற்றி போல்ட்டும் தெரிந்தால் பெரும்பாலும் அந்த வகை. இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டையும் உருவிவிட்டு, ஹப் வாயைத் தகடும் கேஸ்கெட்டும் போட்டு மூடிவிட்டால் சக்கரம் தனியாக உருளும், டிஃப்ரன்ஷியல் அசையாமல் இருக்கும். ஹப் பேரிங்குக்கு ஹவுசிங் ஆயில்தான் வருகிறதா, தனியாகக் கிரீஸ் வைத்ததா என்று பார்த்து, தேவையானால் கிரீஸ் வைத்துக்கொள்ள வேண்டும். செமி ஃப்ளோட்டிங் என்றால், சாதாரண பிக்கப்களும் ஜீப் ராங்ளரும் அந்த வகைதான், சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பதே ஆக்ஸில் ஷாஃப்ட்தான். அதை எடுத்தால் சக்கரமும் கூட வரும். உங்களுக்கு அது என்றால் வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பழையடீசல்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. பார்த்துவிட்டேன், டிரான்ஸ்பர் கேஸ் பக்கமும் டிஃப்ரன்ஷியல் பக்கமும் ஃபிளேஞ்ச்தான், நகரும் ஸ்ப்ளைன் ஷாஃப்ட்டின் நடுவில் இருக்கிறது. ஆயில் ஒரு சொட்டு இல்லை. ஹேண்ட் பிரேக் பின் டிரம்மில் பிடிக்கிறது.

ஒரு சந்தேகம். ஃபோர் ஹை போட்டு, இரண்டு ஹப்பையும் லாக்குக்குத் திருப்பி, வாசலிலேயே கிளட்சை விட்டுப் பார்த்தேன். வண்டி நகரவில்லை, முன்பக்கம் இடது சைடில் உள்ளே ஏதோ சுற்றுகிற சத்தம் மட்டும். முன் ஷாஃப்ட் சுற்றுவது கண்ணால் தெரிகிறது. டிஃப்ரன்ஷியல் போய்விட்டதா? இடது ஹப் டயல் திருப்பும்போது இறுக்கமாக இருந்தது.

ஸ்பேனர்செட்:

டிஃப்ரன்ஷியல் இருக்கட்டும், முதலில் அந்த இடது ஹப்பைக் கழற்றுங்கள். டயல் திரும்பினாலும் உள்ளே கிளட்ச் வளையம் ஸ்ப்ளைனில் போய் உட்காரவில்லை என்று நினைக்கிறேன். முன் அச்சிலும் சாதாரண டிஃப்ரன்ஷியல்தானே, ஒரு ஹப் லாக் ஆகவில்லையென்றால் அந்தப் பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் சும்மா சுற்றும், மொத்தமும் அங்கேயே போய்விடும், லாக் ஆன வலது சக்கரத்துக்கு ஒன்றும் வராது. இரண்டு ஷாஃப்ட்டும் இருந்த காலத்தில் இது உங்களுக்குத் தெரிந்திருக்காது, பின் சக்கரம் தள்ளிக்கொண்டு போயிருக்கும். பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். பிரித்து டீசலில் கழுவி, லேசாகப் புதுக் கிரீஸ் தடவி மாட்டுங்கள், கொழகொழவென்று அப்பினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். மாட்டியபின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, லாக்கில் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் திருப்பினால் அந்தப் பக்க ஆக்ஸிலும் கூடவே திரும்ப வேண்டும்.

இதனால்தான் சொல்கிறேன், உங்கள் வண்டியில் இப்போது கவனிக்க வேண்டியது கழற்றி வைத்த பின் ஷாஃப்ட்டை அல்ல. பார்ட் டைம் வண்டியில் முன் அச்சு வருடக்கணக்காக விருந்தாளி போல உட்கார்ந்திருக்கும், திடீரென்று வீட்டு வேலை முழுவதையும் அதன் தலையில் கட்டுகிறோம். முன் ஷாஃப்ட்டின் கிராஸ்களை ஆட்டிப் பாருங்கள், கிரீஸ் நிப்பிள் இருந்தால் புதுக் கிரீஸ் வெளியே எட்டிப் பார்க்கிற வரை அடியுங்கள். முன் டிஃப்ரன்ஷியலின் ஆயில் பிளக்கை, முதலில் ஊற்றுகிற மேல் பிளக்கைத் திறந்து அது திறக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் கீழ்ப் பிளக்கைத் திறந்து பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். சி.வி. ஜாயின்ட்டின் (திரும்பும் சக்கரத்தையும் சீராகச் சுற்றுகிற இணைப்பு) ரப்பர் பூட் கிழிந்திருந்தால் உள்ளே மண் போயிருக்கும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் 'டக் டக்' என்று காட்டிக் கொடுத்துவிடும்.

பல வண்டிகளின் முன் டிஃப்ரன்ஷியலில், முன்னோக்கிப் போகும்போது கிரவுன் பல்லின் பலம் குறைந்த பின்முகத்தில்தான் பாரம் விழும். பின் டிஃப்ரன்ஷியலை விட அளவிலும் அது சின்னது. நான் 60க்குள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

கரடுமுரடு:

ஓட்டும் விதத்தில் என்ன வித்தியாசம் தெரியும் என்றும் யாராவது சொல்லுங்கள்.

சென்டர்டிஃப்:

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்டியரிங் கையில் லேசாக இழுக்கும், விட்டால் தளரும். சாலிட் ஆக்ஸிலில் சி.வி. இல்லாமல் கிராஸ் வைத்த ஷாஃப்ட்டாக இருந்தால் ஒடித்துத் திருப்பும்போது ஸ்டியரிங் துடிக்கும், ஏனென்றால் கோணம் கூடக் கூட அந்தக் கிராஸ் சக்கரத்தை ஒரே சீராகச் சுற்றாது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமாகவும் இரண்டு முறை மெதுவாகவும் சுற்றும். பயப்பட வேண்டாம், ஆனால் முழு ஒடிப்பில் மிதிக்காதீர்கள், உடைவது பெரும்பாலும் அந்த நிலையில்தான்.

மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சாயும், இழுக்கிற முன் சக்கரம் லேசாகி வழுக்கும். ஜல்லி கொட்டிய மேட்டில் ஏறவில்லையென்றால், பின்னால் யாரும் இல்லை என்றால், ரிவர்ஸில் ஏறிப் பாருங்கள், அப்போது முன் சக்கரம் சரிவின் கீழ்ப் பக்கம் வந்து பாரம் அதன் மேல் விழும், பிடிப்பு கூடும். மழையில் திருப்பத்துக்குள்ளே மிதித்தால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும், கால் எடுத்தால் சரியாகிவிடும். முன்னால் ஆட்டோ லாக் ஆகிற ஹப் வைத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், பழைய வகைகளில் சில, எதிர்த் திசையில் கொஞ்சம் உருண்டாலே விடுபட்டுவிடும், அதனால் கியரில் நிறுத்துவதை நம்பவே வேண்டாம்.

பழையடீசல்:

ஸ்பேனர்செட் சார் சொன்னதுதான். இடது ஹப்புக்குள் கிரீஸ் கல் மாதிரி இருந்தது. கழுவி மாட்டியதும் வண்டி நகர்ந்துவிட்டது. முன் டிஃப்ரன்ஷியல் ஆயில் கருப்புதான், வெளுக்கவில்லை, இருந்தாலும் மாற்றிவிட்டேன். சின்ன விஷயம் ஒன்று, 40ஐத் தாண்டினால் லேசான அதிர்வு முன் தரையில் தெரிகிறது, ஸ்டியரிங்கில் இல்லை.

லேத்திலிருந்து ஷாஃப்ட் வந்ததும் மாட்டும்போது கவனிக்க ஏதாவது உண்டா?

ஹப்லாக்:

தரையில் தெரிந்து ஸ்டியரிங்கில் தெரியாத அதிர்வு பெரும்பாலும் முன் ஷாஃப்ட்தான். நடு ஸ்ப்ளைனைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இத்தனை நாள் ஹப் ஃப்ரீயில் இருந்ததால் அந்த ஷாஃப்ட் ரோட்டு வேகத்தில் சுற்றியதே இல்லை. அதிர்வு தொடங்குகிற வேகத்துக்குக் கீழேயே ஓட்டுங்கள், 60 என்று மேலே சொன்னதை மறந்துவிடுங்கள்.

பின் ஷாஃப்ட்டை மாட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த நடு ஸ்ப்ளைன். இரண்டு முனை யோக்குகளும் ஒரே தளத்தில், ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும், சில ஷாஃப்ட்களில் அம்புக்குறி இருக்கும், இரண்டு அம்பும் எதிரெதிரே வர வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் லேத்தில் எவ்வளவு நன்றாக பேலன்ஸ் செய்திருந்தாலும் அதிரும். கழற்றும்போது ஃபிளேஞ்சில் பெயிண்ட் அடையாளம் வைத்திருந்தால் அதே துளைக்கு அதே துளை. நட்டுகள் பழையவற்றைப் போடாதீர்கள், லாக் நட் ஒருமுறை கழற்றினால் பிடிப்பு குறைந்துவிடும், உங்கள் வண்டி மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்கி, கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

மாட்டி முடித்து ஜாக் ஸ்டாண்டை எடுத்ததும், ரோட்டுக்கு இறங்கும் முன்னால் லீவரை டூ வீலுக்குத் தள்ளி இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் திருப்பிவிடுங்கள். இத்தனை நாள் ஃபோர் ஹையில் ஓட்டிய பழக்கத்தில் அப்படியே தார் ரோட்டில் திருப்பினால், கரடுமுரடு பயந்த அந்த முறுக்கு அப்போதுதான் வரும்.